தாத்தா சொன்ன கான்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் நான் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதற்கு முன்னால் அலுமாரியைத் திறக்கிறேன். காணி உறுதியும் வீட்டுப் பிளானும் இருக்கிற கோப்புக்குள், பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று இருக்கிறது. அதன் நடுப்பக்கத்தில் எங்கள் வளவு. மேலே மலை, இடது பக்கம் ஒழுங்கை, கீழே அயல் வீடு. வளவின் நடுவே மேலிருந்து கீழாக, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கீறிய ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் குறுக்காக இரண்டு வெட்டு. வீட்டின் முதுகுப் பக்கத்தில் நீலப் பேனையால் இன்னொரு கோடு. அது ஒழுங்கைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து போகிறது. அதற்கு மேல் அச்சுப் போன்ற எழுத்தில் மூன்று சொற்கள்: ‘தாத்தா சொன்ன கான்.’

கான் என்பது எங்கள் பக்கத்தில் மழைத் தண்ணீர் போக வெட்டும் வாய்க்கால். அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் தாத்தாவில்தான். மடவளையில் பிறந்த என்னைப் போன்ற முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். தமிழர்களுக்கு அது பாட்டன். கண்டியில் இந்த மூன்று கூட்டமும் ஒரே பஸ்ஸில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு போகிறவர்கள்தான். அப்படியிருந்தும் இந்த ஒரு சொல்லால் என் வீட்டுக் கான் திசை மாறும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்தக் குறிப்பில் தாத்தா என்று நான் எழுதினால் அது என் அக்காதான். இன்னொருவரை, நான் முக்கியமாக நினைத்துப் பார்க்கிற மனிதரை, கீழ்வீட்டு ஐயா என்று எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போய், ஒடுங்கிய பாதையாக மேலே ஏறும் ஒழுங்கை ஒன்றில் பத்துப் பேர்ச் காணி வாங்கினோம். சரிவான காணி. நிமிர்ந்து நின்றால் ஒரு கால் வளைந்துதான் நிற்கும். அதனால்தான் எங்களுக்கு அகப்பட்டது. மலையை வெட்டி வீட்டுக்குத் தட்டை செய்து, கீழ் எல்லையில் மண்ணைத் தாங்குவதற்குக் கருங்கல் சுவர் எழுப்பினோம். என் கணவர் பிலிமத்தலாவையில் புடவைக்கடை வைத்திருக்கிறவர். துணி எப்படி விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தண்ணீர் எப்படி விழும் என்று தெரியாது. “நீயும் தாத்தாவும் சேந்து முடிவெடுங்க” என்று சொல்லிவிட்டுக் காலை ஏழு மணிக்கே கடைக்குப் போய்விடுவார். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். யாருக்கு எத்தனை வேளை என்று எழுதிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, மலைக்கு என்ன கொடுத்தால் அடங்கும் என்று தெரியவில்லை. மழைக்காலம் வந்தால் வானொலியில் மண்சரிவு விழுந்த ஊர்களின் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். தண்ணீர் மண்ணுக்குள் தேங்கினால் அந்தக் கருங்கல் சுவர் தள்ளும். சுவர் போனால் எங்கள் வீடு போகும். போகிற வீடு நேரே கீழ்வீட்டின் மேல்தான் போய் உட்காரும். எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் அந்த மண்ணில் போட்டிருந்தோம். இன்னொரு வீடு கட்ட எங்களுக்கு வாழ்நாளும் இல்லை, தெம்பும் இல்லை.

அதனால் கான் வேலையைத் தாத்தா கையில் எடுத்தார். நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை என் கையில் தந்து, மறு முனையைத் தான் பிடித்து, வளவு முழுக்க அளந்தார். கூரையில் இவ்வளவு தண்ணீர், குளியலறையில் இவ்வளவு தண்ணீர் என்று கொப்பியில் கணக்குப் போட்டார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்கிற தண்ணீர் கக்கூஸ் குழிக்குப் போகக் கூடாது என்று அதற்குத் தனிக் குழாய் வைத்து வாழைக்கு விட்டார். இன்றைக்கும் அந்த வாழைதான் ஒழுங்கையிலேயே கொழுத்த வாழை. மழைத் தண்ணீருக்குத்தான் அந்தச் சிவப்புக் கோடு: மேலிருந்து வீட்டின் பக்கவாட்டால் நேராக இறங்கி, கீழ்ச் சுவருக்கு அருகே ஒரு குழியில் முடிகிறது. “நேர் கோடுதான் கட்டையான வழி” என்பது தாத்தாவின் வாய்ப்பாடு. கலியாணப் பேச்சு இழுபட்டாலும் அதைத்தான் சொல்வார், பஸ் சுற்றிப் போனாலும் அதைத்தான் சொல்வார்.

கீழ்வீட்டு ஐயாவை அப்போது எனக்குப் பிடிக்காது. ரெயில்வேயில் பார்சல் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கத் தமிழர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். முன் சுவரில் மாதா சொரூபம், பின்னால் ஒரு கராம்பு மரம். நாங்கள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து, பனியனும் சாரமுமாக அந்த மரத்தின் கீழ் நின்று மேலே எங்கள் வளவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சிரிக்கவும் மாட்டார். இந்த மனிசன் ஒரு நாளைக்குப் பிரதேச சபைக்குப் பெட்டிசம் போடத்தான் போகிறார் என்று முடிவு கட்டி, அவர் கண்ணில் படாமல் ஒழுங்கையின் மேல் படியால் இறங்கி வருவேன். அயலவர் என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் எதையாவது கேட்பார் என்ற பயம். அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

கான் வெட்டும் நாள் வந்தது. எங்கள் மேசன் பாஸ் வத்தேகமைப் பக்கத்துச் சிங்களவர், சந்தைத் தமிழ் தாராளமாகப் பேசுவார். அவரோடு மண் வெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தமிழர் வந்திருந்தார். தாத்தா மடவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இடத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு மருந்துக்கடையில் என் முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்க, பாஸுக்குப் போனில் கோல் எடுத்து அவசரமாகச் சொன்னேன்: “பாஸ், தாத்தா வார. தாத்தா காட்டுற பக்கம் கான வெட்டுங்க. தாத்தா சொல்றதுதான் முடிவு.” பாஸும் “சரி மிஸ், தாத்தா சொல்ற மாதிரி” என்றார். அவருக்கு என் அக்காவைத் தெரியும். ஆனால் ‘டீச்சர்’ என்றுதான் தெரியும். நானும் அவரிடம் எப்போதும் டீச்சர் என்றே சொல்லி வந்தவள், அன்றைக்கு அவசரத்தில் வீட்டுச் சொல்லை விட்டுவிட்டேன். ‘வாறார்’ என்றோ ‘வாறா’ என்றோ சொல்லியிருந்தாலாவது ஆணா பெண்ணா என்று விளங்கியிருக்கும். எங்கள் பேச்சில் எல்லோருக்கும் ‘வார’தான்.

அன்றைக்கென்று தாத்தாவின் பக்கத்து வீட்டில் ஒரு மவுத்து. சாவு வீட்டை விட்டுவிட்டுக் கான் வெட்டப் போக முடியுமா? எனக்குச் சொல்லவும் மறந்துவிட்டார். இங்கே பாஸ் மிஸ்ஸின் தகப்பனாருக்காகக் காத்திருந்தார். மண் வெட்டுகிறவர் மிஸ்ஸின் பாட்டனாருக்காகக் காத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். கராம்பு மரத்தின் கீழ் ஒரு வயதான மனிதர், வழக்கம்போல மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகென்ன, கூப்பிட்டிருக்கிறார்கள்: “தாத்தா, கொஞ்சம் மேல வாங்க. கான எந்தப் பக்கம் வெட்டுறது?”

மத்தியானம் ஒரு மணிபோலத் தாத்தாவின் கோல் வந்தது. குரலில் கோபத்தை விடத் திகைப்புத்தான் கூட. “தங்கச்சி, ஒண்ட வளவுல வேற யார்டயோ ஊட்டுக் கான் ஒண்டு வெட்டீக்கி.”

கடையில் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஓடினேன். தாத்தா சொன்னது சரிதான். சிவப்புக் கோட்டில் ஒரு மண்வெட்டி கூடப் படவில்லை. அதற்குப் பதிலாக வீட்டின் பின்னால், மலையை வெட்டிய இடத்தின் அடியோடு, குறுக்காக ஒரு நீளமான கான். அது மெல்லச் சாய்ந்து ஒழுங்கையின் கொங்கிரீட் வடிகாலில் போய் விழ, வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. “யார் சொன்ன?” என்று தாத்தா பாஸைக் கேட்டார். “தாத்தா” என்றார் பாஸ். “நான் எப்ப சொன்ன?” என்றார் தாத்தா. பாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வழக்கு இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் நான்தான் இடையில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று. பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். “அய்யோ மிஸ், தாத்தா எண்டா அக்காவா? அப்ப அக்காவுக்கு என்ன சொல்றது?” மண் வெட்டுகிறவர் சிரிப்பை அடக்க மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “மூடிட்டுத் திருப்பி வெட்டுங்க” என்றார்.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு ஐயா படியேறி வந்தார். வெளுத்த நீளக் கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. கையில் மூடிய ஒரு பாத்திரம். “மரவள்ளிக் கெழங்குதான் மிஸ். கட்டச் சம்பலும் இருக்கு. நீங்க சாப்புடுறதுதான், யோசிக்க வேணாம்” என்றார். பாத்திரத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “முப்பது வருசமா இங்க இருக்கேன். இந்த ஒழுங்கைல எத்தனையோ பேரு வீடு கட்டிட்டாங்க. தண்ணிய எந்தப் பக்கம் விடுறதுன்னு ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. மழ பேஞ்சா எல்லாம் எங்க குசினிக்குள்ளதான். எங்க வீட்டுக்காரி சாகுற வரைக்கும் பலக மேல நின்னுதான் சமைச்சா. நீங்களும் அப்படித்தான் செய்வீங்கன்னு நெனச்சு, தெனம் அந்த மரத்துக்கடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வாய் தொறந்து கேக்கவும் பயம். நீங்கதான் மொதமொத கேட்டுட்டு வரச் சொல்லி ஆள் விட்டீங்க. நல்லா இருப்பீங்க மிஸ்.”

நாங்கள் கேட்கவில்லை, இது ஒரு சொல்லால் வந்த தவறு என்று எந்த வாயால் சொல்வது? பாஸ் மண்ணைப் பார்த்தார். நான் தாத்தாவைப் பார்த்தேன். மாணவர்கள் செய்த பிழையை ஒரு நாளும் சும்மா விடாத தாத்தா, ஒரு கிழங்குத் துண்டை எடுத்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டார். “சம்பல் நல்லா ஈக்கி” என்றார்.

ஐயா இறங்கிப் போனதும் தாத்தா கொப்பியைக் கைப்பைக்குள் திணித்தார். நான் பின்னாலேயே ஒழுங்கை வரை போனேன். “தாத்தா, நாளைக்கு மூடச் சொல்லவா?” என்று கேட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “மூடச் சொல்லாத. நம்மட பாஸ் கூப்புட்ட நேரம் பனியனோட நிண்ட மனிசன், உள்ளுக்குப் போய்ச் சட்ட போட்டுக்கொண்டுதான் மேல வந்தீக்கி. பாஸ்தான் சொன்ன.” பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வளவுப் பக்கம் வரவில்லை. கோல் எடுத்தால் “என்ன” என்பார், வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் “அடுப்புல ஈக்கி” என்று வைத்துவிடுவார்.

அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. கான் இருந்தால் தாத்தாவின் கணக்குக்கு விரோதம், மூடினால் அந்த மனிதரின் முகத்தில் விழிக்க முடியாது. கணக்குத் தெரிந்தவர் கீறிய கோட்டை விட்டுவிட்டு, குசினி நனைந்த கோபத்தில் ஒருவர் காட்டிய பக்கத்தை நம்பி வீட்டை நிறுத்தியிருக்கிறோமே என்று பாயில் எழுந்து எழுந்து உட்காருவேன். அதற்கு மேல், கீழ்வீட்டு ஐயா என்னைக் கண்ட இடத்திலெல்லாம் ‘மகள்’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். கராம்பு காய வைத்துத் தாளில் சுற்றித் தருவார். எனக்கு வர வேண்டியதல்லாத மரியாதையை நான் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒழுங்கையின் மேல் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவர் விழுந்ததாக மருந்து வாங்க வந்தவர் சொன்னார். கையிலிருந்த மருந்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒழுங்கை முழுக்கச் சிவந்த தண்ணீர். அல்லாஹ்வே, அந்த வீட்டை எடுத்தாலும் பரவாயில்லை, கீழே இருக்கிற மனிதரை எடுக்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

வளவுக்குள் எனக்கு முன்னமே ஒரு குடை நின்றது. தாத்தா. மடவளையிலிருந்து அந்த மழையில் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அபாயாவின் விளிம்பு முழுக்கச் சேறு. வீட்டின் பின்னால் நின்று கானைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மலையிலிருந்து கசிந்தும் வழிந்தும் வருகிற தண்ணீர் அத்தனையும் அந்தக் கானுக்குள் விழுந்து, பொங்கிக்கொண்டு இடது பக்கமாகத் திரும்பி, ஒழுங்கை வடிகாலில் போய்க் கொட்டியது. வீட்டுப் பக்கம் ஒரு கை அகலம் கூட அது திரும்பவில்லை. கீழே போய்க் கருங்கல் சுவரைப் பார்த்தோம். தாத்தா சுவரில் உள்ளங்கையை வைத்து, மூன்று இடத்தில் அமர்த்திப் பார்த்தார். மழையில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். தள்ளலும் இல்லை, வெடிப்பும் இல்லை.

“நான் கூரத் தண்ணியக் கணக்கெடுத்த. குளிக்கிற தண்ணியக் கணக்கெடுத்த” என்றார் தாத்தா. “மலையில ஈந்து வார தண்ணிய எடுக்கல்ல. என்ட கான வெட்டீந்தா இவ்வளவும் அத்திவாரத்துக்குக் கீழால வந்து இந்தச் சுவத்துலதான் நிண்டீக்கும்.” சுவரிலிருந்து கையை எடுத்து, “கூட்டல் சரி. ஒரு எண்ண விட்டுட்ட” என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நான் அழுதுவிட்டேன். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் அந்தத் தண்ணீரோடு போனது போல இருந்தது. தாத்தா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம். குசினிக் கதவைத் திறந்துகொண்டு ஐயா, மழையில் தலை நனைய நின்று கத்துகிறார்: “மகள்! குசினி காஞ்சு கெடக்கு!”

இனி அந்தப் பொய்யைச் சுமக்க எனக்கு ஏலவில்லை. வீடு குடிபோன அன்று ஐயாவும் வந்திருந்தார், அதே நீளக் கைச் சட்டை. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் நாங்கள் அவரைக் கேட்டுத்தான் கான் வெட்டினோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் ஆட்கள் போனதும், வட்டிலப்பத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா என்னை முறைத்தார். நான் நிறுத்தவில்லை. ஐயா கரண்டியைக் கீழே வைத்தார். தாத்தாவைப் பார்த்தார். “அப்ப தாத்தா நீங்களா, டீச்சர்?” என்று கேட்டு, புரைக்கேறும் வரைக்கும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு சொன்னார்: “யாரக் கேக்கச் சொன்னா என்ன மகள், அவங்க கேட்டது என்னையத்தானே. நானும் ஒண்ணு சொல்லிடுறேன். எங்க குசினிய நெனச்சுத்தான் அந்தப் பக்கம் காட்டுனேன். ஒங்க வீட்ட நெனச்சுக் காட்டல.” மீதி வட்டிலப்பத்தையும் சாப்பிட்டு, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

அன்றைக்குத்தான் தாத்தா கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிச் சிவப்புக் கோட்டை இரண்டு தரம் வெட்டி, நீலக் கோட்டைக் கீறி, அந்த மூன்று சொற்களை எழுதினார். “எந்தத் தாத்தா?” என்று நான் பகிடியாகக் கேட்டேன். “ரெண்டு வெட்டுப் போட்டீக்கி. அது போதாதா ஒனக்கு?” என்றார்.

கீழ்வீட்டு ஐயா இப்போது வத்தளையில் மகளோடு இருக்கிறார். கண்டியில் மழை என்று வானொலி சொன்னால் கோல் எடுத்து, “தண்ணி எந்தப் பக்கம் போவுது?” என்று கேட்பார். ஒழுங்கைப் பக்கம்தான் என்று சொன்னதும் வைத்துவிடுவார். கராம்பு மரத்தின் கீழ் யாரும் நிற்பதில்லை.

போன மாதம் எங்களுக்கு மேலே உள்ள காணியை யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு இளம் தம்பதி வாங்கியிருக்கிறார்கள். முளை அடித்து நூல் கட்டியாயிற்று. அவர்கள் விடுகிற தண்ணீர் நேரே என் வீட்டு முதுகுக்குத்தான் வரும். ஒவ்வொரு காலையும் நான் வீட்டுச் சட்டையோடு பின் கானின் ஓரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பதில்லை. ஒன்றும் சொல்வதுமில்லை. இன்று காலை அந்தப் பெண் நூலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்: “அக்கா, ஒருக்கா மேல வந்திட்டுப் போறீங்களோ? தண்ணியை எந்தப் பக்கம் விடுறது எண்டு உங்களிட்ட கேக்கவேணும்.”

வாறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து வைத்துவிட்டு, பெருநாளைக்குத் தைத்த உடுப்பைத் தேடி எடுத்தேன். கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் வாசலில் நின்று பார்த்தார். “பின் வேலிக்குப் போறத்துக்கு என்னத்துக்கு நல்ல உடுப்பு?” என்று கேட்டார். நான் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கொப்பியோடு மேலே ஏறினேன்.